குதிரை இல்லாத படம்

வேல்ஸில் பொவிஸ் கோட்டை என்ற பிரபு மாளிகையில் பெஞ்சமின் வெஸ்ட் தீட்டிய எண்ணெய்ச் சித்திரம் ஒன்று இருக்கிறது. 1765இல் அலகாபாத்தில் ஷா ஆலம் கிளைவிடம் திவானி உரிமைப் பத்திரத்தை நீட்டுகிறார். விதானம், அரியணை, யானை எல்லாம் உண்டு. நடந்ததோ கிளைவின் கூடாரத்தில். சாப்பாட்டு மேஜைமேல் நாற்காலியை ஏற்றித் துணி போர்த்தி அரியணை ஆக்கினார்கள். வெஸ்ட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

கிளைவைச் சிப்பாய் ஆக்கியது கடலூர். குமாஸ்தாவாக வந்தவர், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குத் தப்பி வந்தார்; மறு வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தக் கோட்டையை 1690இல் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரமே எல்லை. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இதை யாராவது வரைந்திருக்கலாம்.

குதிரை வீரர்களைத் தேடினால் ஸ்ரீரங்கப்பட்டினத்துச் சுவருக்குத்தான் போக வேண்டும். 1780இல் பொள்ளிலூரில் ஐதரும் திப்புவும் கம்பெனிப் படையை அழித்ததைத் திப்பு 1784இல் தரியா தௌலத் மாளிகையில் எழுதுவித்தார். வரிசை வரிசையாகக் குதிரைகள். நடுவே பல்லக்கில் காயம்பட்ட பெய்லி. இதுவும் பெருமைப் படம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பிற்பாடு புதுப்பிக்கச் செய்தவர்கள் வெல்லெஸ்லியும் டல்ஹௌசியும். தம் தோல்விக்குத் தாமே வர்ணம் பூசிக்கொண்ட ஆட்சியைப் பற்றி நம் கலை விமர்சகர்கள் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரம் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. மணிவாசகருக்காக ஈசன் குதிரைச் சேவகனாக வந்தான் என்கிறார்கள். அந்த மணிவாசகர் கலந்த தில்லையில் 1781இல் கோயில் மதிலே கோட்டை மதில். உள்ளே ஐதரின் ஆட்கள். ஜூன் 18 அன்று அயர் கூட் தாக்கினார். அடி வாங்கித் திரும்பினார். ஜூலை 1 பரங்கிப்பேட்டையில் கணக்கு மாறியது. ஐதரிடம் குதிரைப்படை பெருவெள்ளம்; கூட்டிடம் பேருக்குத்தான். கடலோரம் நின்ற கம்பெனிக் கப்பலின் பீரங்கியும் அந்தக் குதிரைகள்மேல் சுட்டது.

மேட்டில் உட்கார்ந்து பார்த்திருந்த ஐதர், தோல்வி தெரிந்த பிறகும் எழ மறுத்தாராம். நெடுநாள் ஊழியம் பார்த்த குதிரைக்காரன் ஒருவன் அவர் காலைப் பிடித்துச் செருப்பை மாட்டி, நாளை அவர்களை ஜெயிக்கலாம், இப்போது குதிரை ஏறுங்கள் என்றானாம். மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் சொல்வது இது. வில்க்ஸ் கம்பெனி ஆள். ஆனாலும் அந்தக் கையை விட்டுவிடவில்லை. அவன் பெயரைத்தான் எழுதவில்லை.