குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு குட்டிக் குளவி

வரலாறுன்னாலே கோட்டை, கோயில், கல்வெட்டுன்னுதான் இங்கே பேசிட்டு இருக்கோம். இன்னிக்கு ஒரு குளவியோட வரலாறு. ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. ஆனா நீங்க சாப்பிடுற ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

கதை சேந்தமங்கலத்தில் ஆரம்பிக்குது. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரத்தைப் பார்த்துப் போனா வரும் ஊர். எங்க மாமாவுக்கு அங்கே கொஞ்சம் காடு இருக்கு. காடுன்னா வனம் இல்லீங்க, எங்க பக்கம் மேட்டு நிலத்தைக் காடுன்னுதான் சொல்வோம். அதில் குச்சிக்கிழங்கு போட்டிருக்கார். புத்தகத்தில் மரவள்ளி, ஊருக்குள்ள குச்சிக்கிழங்கு. குச்சியை வெட்டி நட்டா முளைக்கும், அதனால அந்தப் பேர்.

2021-ல் நான் போனப்போ செடியோட நுனியெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையா மாவு. "கடையில கொடுத்த மருந்தெல்லாம் அடிச்சுப் பார்த்தாச்சு கண்ணு, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்றார் மாமா. பத்து மாசப் பயிர். நுனி போனா கிழங்கு பருக்காது. அந்த வருஷக் கடனை அதை நம்பித்தான் வாங்கியிருந்தார்.

கிழங்கு வந்த வழி

மரவள்ளியோட சொந்த ஊர் தென் அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பஞ்சகால உணவாக மக்களிடம் பரப்பினார். சேலம் பக்கம் அது தொழிலா மாறினதுக்கு இரண்டாம் உலகப் போர் காரணம். மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்னுபோச்சு. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் சேலம், நாமக்கல் முழுக்க சேகோ ஆலைகள் வந்தன. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

ஆக, ஒரு தென் அமெரிக்கச் செடி நம்ம ஊர் செம்மண்ணில் ஏக்கர் ஏக்கராகப் பரவிடுச்சு. ஆனா அதைத் தின்னும் பூச்சியும், அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியும் கடலுக்கு அந்தப் பக்கமே இருந்துட்டாங்க. சிக்கல் இங்கேதான் இருக்கு. செடியைத் தேடி முதலில் வந்து சேர்றது அதன் எதிரி. எதிரியோட எதிரி தானா வராது.

ஆப்பிரிக்காவில் நடந்தது

மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் தென்பட்டது. இந்த இனத்துக்கு ஆணே தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி ஒரு குச்சியில் ஒட்டிக்கிட்டு வந்தால் போதும், ஊரே போச்சு. உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு, சுருண்ட இலைக்குள்ள குடியிருப்பு. தெளிக்கிற மருந்து அது மேல படுறதே கஷ்டம். மரவள்ளியை நம்பி வாழ்ந்த கோடிக்கணக்கான மக்கள் தவிச்சாங்க.

1981-ல் பராகுவேயில் அந்தப் பூச்சியின் சொந்த இடத்தைக் கண்டுபிடிச்சாங்க. அங்கேயே அதை அடக்கி வைத்திருந்த குளவியும் கிடைத்தது. அதன் பேர் அனகைரஸ் லோபெசி. சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அந்தக் குளவியை நைஜீரியாவில் தொடங்கி 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் விட்டாங்க. அதுக்காக 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

குளவி செய்யும் வேலை என்ன? மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளே முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி காய்ந்து, பழுப்பு நிறக் கூடாக மாறும். இரண்டு மூன்று வாரத்துக்குள் அதைத் துளைத்துக்கிட்டு புதுக் குளவி வெளியே வரும். மனுஷரைக் கொட்டாது.

நம்ம ஊருக்கு வந்த குளவிகள்

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்தையும் பாழாக்கியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டதும் அது அடங்கியது.

2020-ல் கேரளாவின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே சேலம், நாமக்கல்லுக்கும் வந்துடுச்சு. விதைக் குச்சியை லாரியில் ஏற்றி மாவட்டம் மாவட்டமா அனுப்புறோமே, பூச்சிக்கு அதைவிட நல்ல வண்டி ஏது? பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைவனம் 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதே பராகுவே குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை முதன்முதலாக வயலில் விட்டாங்க.

குளவிக்கு என்ன வேணும்?

இத்தோட கதை முடியல. குளவியை விட்டால் போதுமா? அதுக்கும் சோறு வேணும், இடம் வேணும், விஷமில்லாத காற்று வேணும்.

புழுவுக்கு மாவுப்பூச்சி உணவு. வளர்ந்த குளவிக்குத் தேன் மாதிரி இனிப்பு வேணும். வரப்பில் பூக்கும் தும்பையும் துளசியும் கிணற்றடிப் பூண்டும் களை இல்லை, குளவிக்கு அதுதான் டீக்கடை. வரப்பைச் சுத்தமா களைக்கொல்லி அடித்துப் பொட்டலாக்கிட்டா அந்தக் கடையை மூடிட்டோம்னு அர்த்தம். மருந்து தெளித்தால் மெழுகுக்குள் இருக்கிற மாவுப்பூச்சி தப்பிக்கும், வெளியே பறக்கிற குளவி சாகும்.

இன்னொன்று, எனக்கே ரொம்ப ஆச்சரியமா இருந்தது. மண்ணும் இதில் சேர்த்தி. தாய்க்குளவி பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் பெண் முட்டை வைக்கும், சின்னது கிடைத்தால் ஆண் முட்டை வைக்கும். ஆப்பிரிக்காவில் சத்தில்லாத மணல் நிலங்களில் செடி நோஞ்சானாக இருந்தது. அதில் வளர்ந்த மாவுப்பூச்சியும் சின்னது. அதனால ஆண் குளவிதான் அதிகம் பிறந்தது. முட்டை வைக்க பெண் இல்லாததால் அங்கே குளவி தோற்றது. மூடாக்கும் எருவும் போட்ட இடங்களில் நிலைமை மேம்பட்டது. எரு போட்டது செடிக்கு, பலன் குளவிக்கும்.

புலி, யானையைக் காப்பாத்தணும்னு பேசும்போது காடு வேணும்னு நமக்குப் புரியுது. பூச்சிக்கும் அதே கணக்குதான். அதோட காடு ஒரு முழ அகல வரப்பாக இருக்கலாம்.

போன முறை போனப்போ மாமா காட்டு வரப்பில் தும்பை முழங்கால் உயரம் நின்றது. "சோம்பேறின்னு பேசுறாங்க கண்ணு" என்று சிரித்தார். ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். மாவு இருந்தது, ஆனா நிறைய பழுப்புக் கூடுகளும் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. மூணு காடு தள்ளி ஒருத்தர் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கிட்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். மாமா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். "குளவிக்கு எது யாரு காடுன்னு தெரியாதே. நான் ஒருத்தன் நிறுத்தி என்ன பண்றது? சாயங்காலம் அவன்கிட்ட போய்ப் பேசணும்."

அவர் போய்ப் பேசினாரா, அந்தக் காட்டுக்காரர் கேட்டாரா என்று அடுத்த முறை போனா சொல்றேன். அதுவரைக்கும் உங்க மொட்டை மாடிச் செம்பருத்தியில் வெள்ளை மாவு தெரிந்தால், உடனே ஸ்ப்ரேயைத் தேடாதீங்க. இலையைத் திருப்பி, பழுப்புக் கூடு ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.