சுட்டவரே மீட்பவராக முடியுமா? தூத்துக்குடி தரும் பாடமும் மேல்மலையனூர்த் திருவிழாவும்

பலர் ஒரே நேரத்தில் சுடப்படும் இடத்தில், காவல்துறை ஆபத்தை முற்றிலும் நீக்கிய பிறகே ஆம்புலன்ஸ் உள்ளே செல்லும் என்பது நெடுங்கால நடைமுறையாக இருந்தது. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் உதவி வந்து சேராமல் மணிக்கணக்கில் குருதி இழந்து ஓர் ஆசிரியர் இறந்தபோது அதன் குறை வெளிப்பட்டது. 2012 சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலையை அடுத்து 2013இல் உருவான ஹார்ட்ஃபோர்டு உடன்பாடு, குருதிப்பெருக்கை நிறுத்துவது காவலரின் அடிப்படைத் திறனாக வேண்டும் என்றது.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றை முன்னனுமானமாகக் கொள்கின்றன: சுடுபவர் வேறு, காப்பவர் வேறு. தமிழ்நாட்டின் அனுபவம் இதற்குப் பொருந்தவில்லை. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடியில் சுட்டது காவல்துறையே. அந்நிகழ்வுகளில் 13 பேர் இறந்தனர். தப்பி ஓடியவர்கள்மீதும் சுடப்பட்டதை, இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பதிவுசெய்து, காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. இத்தகைய களத்தில் 'இனி உள்ளே வரலாம்' என்று மருத்துவக் குழுவுக்குச் சொல்லும் அதிகாரம் சுட்ட தரப்பிடமே இருப்பது முறையன்று. மீட்புக்குத் தனி மருத்துவத் தலைமை வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் ஒழுங்கு நடவடிக்கையைப் படுகொலையோடு ஒப்பிடலாகாது என்பர். பொறுப்பைத் தீர்மானிக்கும்போது அவ்வேறுபாடு முக்கியம். காயத்துக்குச் சிகிச்சை தரும்போது அதற்கு இடமில்லை. சுடும் அதிகாரிகள் காயமுற்றோருக்கு இயன்ற விரைவில் மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றன துப்பாக்கிப் பயன்பாடு பற்றிய 1990ஆம் ஆண்டின் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள். காவல் நடைமுறைகளுக்குக் காத்திராமல் சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இரு தலைமைகள் குழப்பம் விளைவிக்கும் என்பது அடுத்த மறுப்பு. பாதுகாப்பைக் காவல் அதிகாரியும், யாரை முதலில் தூக்குவது, எங்கே அனுப்புவது என்பதை மருத்துவ அதிகாரியும் ஒரே இடத்தில் நின்று முடிவுசெய்தால் அதிகாரங்கள் மோதா.

காயத்தின் இயல்பும் களத்தில் மருத்துவத் தலைமையையே வேண்டுகிறது. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே அகலமான பட்டையைக் குருதி நிற்கும்வரை முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பயிற்சி பெற்ற எவரும் இதைச் செய்யலாம். வயிற்றிலோ மார்பிலோ குண்டு பாய்ந்தவருக்கு இது உதவாது. அவருக்கு அறுவை அரங்கு வேண்டும். இவ்விருவரையும் தெருவிலேயே பிரித்தறிய வேண்டும். அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை வகைப்பாடு களத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள்ளேயே இருந்தது; பெருங்கூட்டம் கூடும் எல்லா ஊர்களிலும் அப்படியில்லை. அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல்லாயிரவர் கூடும் மேல்மலையனூரிலிருந்து அத்தகைய மருத்துவமனைக்குத் திருவண்ணாமலைக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ போக வேண்டும்; எதுவும் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே நெரிசலோ தீயோ தாக்குதலோ நேர்ந்தால் முதல் நிமிடங்கள் ஊர்க்காவல் படையினர், கோயில் பணியாளர், கடைக்காரர் ஆகியோரின் கைகளிலேயே இருக்கும். ஆகவே ஒவ்வோர் அமாவாசைக்கும் ஒரு மருத்துவ அதிகாரியைக் களத் தலைவராகப் பெயர் குறித்து அறிவிப்பதும், ஆம்புலன்ஸ் வெளியேறத் தனி வழி ஒதுக்குவதும், முதல் நிமிடங்களில் உதவும் இவர்களுக்குக் கட்டுப் போடப் பயிற்சி அளிப்பதும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமைகளாக வேண்டும்.