பொன்னிக் கரையில் ஒரு தொடர்கதை

ஆடி பதினெட்டாம் நாளன்று மேட்டூருக்கு வந்து, காவிரியில் தலைமுழுகி, தாலிச் சரடு மாற்றிக்கொண்டு, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கலிடும் தாய்மார்களையும் அவர்கள் கைப்பிடித்து வரும் சிறுவர் சிறுமியரையும் காணும்போதெல்லாம், அதே ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் ஒரு வாலிபனின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

அவன்தான் வந்தியத்தேவன். அவன் வரவோடு, 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கிய எழுத்தாளர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை 1954 மே மாதத்தில்தான் நிறைவுற்றது. வாரந்தோறும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பதும், மணியம் தீட்டிய சித்திரங்களோடு பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை கட்டிப் பெட்டியில் பத்திரப்படுத்துவதும் அக்காலத் தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாயிருந்தன. பத்து வயதில் கேட்கத் தொடங்கிய பிள்ளை, ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகரம்' முடிகையில் பதினான்கை நெருங்கியிருக்கும். கதாபாத்திரங்கள் பக்குவமடைந்த காலமும் கேட்ட பிள்ளைகள் பக்குவமடைந்த காலமும் ஒன்றாகவே இருந்தன. ஒரே மூச்சில் படித்து முடிக்கும் இன்றைய வாசகருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அக்கடைசிப் பாகத்தில்தான் ஒவ்வொருவருடைய சுபாவமும் முழு வளர்ச்சி எய்துகிறது. ஆரத்தித் தட்டை நழுவவிட்டு மூர்ச்சையான வானதி, தான் ஒருபோதும் சிங்காதனத்தில் அமர்வதில்லை என்று சபதம் செய்யும் திடசித்தம் பெறுகிறாள். சமுத்திரக் கரையில் தன்னந்தனியாகப் பாடித் திரிந்த பூங்குழலி, இளவரசரைப் பற்றிய கனவை விடுத்துத் தன்னை நேசித்த சேந்தன் அமுதனுக்கே மாலையிடுகிறாள். வம்பை வலிய இழுத்துக்கொள்ளும் வந்தியத்தேவனோ, தான் செய்யாத கொலைக்காகப் பாதாளச் சிறையில் கிடந்து, இறுதியில் மணிமேகலையின் மரணத் தறுவாயில் அருகிருக்கும்போது, அந்த விளையாட்டுப் பிள்ளை மறைந்து வேறொரு மனிதனாக நிற்கிறான். அவனுடைய வீரச் செயல்கள் அனைத்தையும்விட அந்த மாற்றமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இவர்களுக்கெல்லாம் மேலாக, கைக்கு எட்டிய மகுடத்தை இளவரசர் அருள்மொழிவர்மர் சிற்றப்பன் உத்தம சோழருக்கே சூட்டுகிறார். இது கதாசிரியரின் வெறுங்கற்பனை அன்று. சிற்றப்பன் ஆள விரும்பிய வரையில் அருள்மொழி ராஜ்யத்தை மனத்தாலும் நாடவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. 985-ஆம் ஆண்டில்தான் அவர் ராஜராஜராக அரியணை ஏறினார்.

ஆயினும் செப்பேட்டின் ஒரு செய்தியை ஐந்து பாகக் கதையின் சிகரமாகக் கண்ட மனம் எங்கே உருவாயிற்று என்று கேட்டால், நம் சேலம் சீமையும் அதற்கு ஒரு விடை என்பேன். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே துறந்து சிறை புகுந்த கல்கி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக்காக 'விமோசனம்' பத்திரிகையில் உழைத்தவர். பதவியைத் துறப்பது தோல்வியன்று என்ற எண்ணம் ஆசிரமவாசிகளுக்கு அன்றாட அனுபவம்.

கல்கி பிறந்த புத்தமங்கலம் காவிரியின் கடைக்கோடியில் இருக்கிறது. சோழர் காலத்தில் தானாகப் பெருகி வந்த புதுவெள்ளம், அவர் கதை எழுதிய நாளில் மேட்டூர் மதகுகளைத் திறந்தால்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. 1925-இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்த அணை 120 அடி நீரைத் தேக்குவதற்காக, எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் கோயிலையும் விட்டு மேடேறின. 'தியாகச் சிகரம்' என்ற தலைப்பைப் படிக்கையில் எனக்கு அவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். நீர் வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும்போது, பிள்ளைகளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டி வருகிறார்கள்.