பத்து ஆராங் ரயில் பாதை: நிலக்கரியோடு வந்தது, நிலக்கரியோடு போனது

ராசாவில் கம்யூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூருக்குப் போகிறவர்கள், ரவாங்கைத் தாண்டியதும் குவாங் நிலையத்தைக் கடக்கிறார்கள். இன்று அது வழியில் வரும் ஒரு சிறிய நிலையம். முன்பு அது ஒரு சந்திப்பு நிலையம். அங்கிருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து, பத்து ஆராங் வழியாக கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பத்தாங் பெர்சுந்தை வரை சென்றது. அந்தப் பாதையும் அதன் நிலையங்களும் இப்போது இல்லை.

கரிக்காக வந்த ரயில்

சிலாங்கூரின் முதல் ரயில் 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே ஓடியது. வடக்கே ரவாங், ராசா பக்கம் தண்டவாளம் வந்தது 1890களில். அந்தப் பாதைகளுக்குக் காரணம் ஈயம். பத்து ஆராங் கிளைப் பாதைக்குக் காரணம் நிலக்கரி. மலாய் மொழியில் 'பத்து ஆராங்' என்றாலே நிலக்கரிதான்.

ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் முன்னின்று தொடங்கிய மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915இல் இங்கு கரி வெட்டத் தொடங்கியது. அதன் முக்கிய வாடிக்கையாளர் ரயில்வே. மின் நிலையத்திற்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கரி இங்கிருந்தே போனது. வெளிநாட்டிலிருந்து கரி இறக்குமதி செய்து வந்த மலாயாவுக்கு இது பெரிய மாற்றம். இந்தக் கரி தரத்தில் சற்றுக் குறைந்தது; குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடியது. ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது.

உழைத்தவர்கள்

சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள், தமிழர்களும் இருந்தனர். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டு, சல்லி கொட்டி, பாதையைப் பராமரித்தவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தமிழர்கள். நிலைய அதிபர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தனர்.

1937 மார்ச்சில் பத்து ஆராங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டனர். போலீசார் உள்ளே புகுந்து அதை மீட்டனர். ரயிலும் மின்சாரமும் இந்தக் கரியை நம்பியிருந்ததால் காலனி அரசு அந்தப் போராட்டத்தைக் கண்டு அஞ்சியது. ஜப்பானியர் காலத்தில் சுரங்கம் அவர்கள் கைக்குப் போனது. 1948 ஜூலையில், அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களில், கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் இவ்வூரைத் தாக்கினர்.

பாதையின் மறுமுனையில் பத்தாங் பெர்சுந்தை. ரப்பர் தோட்டங்களும் ஈயக் கப்பல்களும் சூழ்ந்த ஊர். அதன் அருகில்தான் தென்னமாரம் தோட்டம் உள்ளது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியர் 1917இல் அங்கு செம்பனை நட்டார். மலாயாவில் வணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்டது அதுவே முதல் முறை. தோட்டத்தின் பெயரோ 'தென்னைமரம்' என்ற நம் சொல்.

எண்ணெய் வந்தது, கரி போனது

1950களில் ரயில் எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. 1957இல் டீசல் எஞ்சின்களும் வந்தன. பெரிய வாடிக்கையாளரே விலகியதால் சுரங்கம் தாக்குப்பிடிக்கவில்லை. 1960இல் மூடப்பட்டது. கரி இல்லாத பாதைக்கு வேலையும் இல்லாமல் போனது.

மலாயாவின் மற்ற கிளைப் பாதைகள் வேறு விதமாக மறைந்தன. தம்பின்–மலாக்கா பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்காகப் பெயர்த்துச் சென்றனர். அந்த மரண ரயில் பாதைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களும் கொண்டுபோகப்பட்டனர். பத்து ஆராங் பாதையை மூடியது போர் அல்ல, எண்ணெய்.

இன்று

ராசா பிரதான பாதையில் இருப்பதால் பிழைத்தது. 2007 ஏப்ரலில் அங்கு மின்சாரக் கம்யூட்டர் சேவை தொடங்கியது. அதே 2007இல் பத்தாங் பெர்சுந்தையின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றப்பட்டது. அங்கிருந்து வெளியூர் போக இன்று சாலைதான் வழி.

பத்து ஆராங்கில் சுரங்கக் காலத்துப் புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. ரயில் ஓடிய தடத்தைக் காட்ட அப்படி எதுவும் நிற்கவில்லை. முன்பிருந்த ஊரின் பெயர் பழைய பிறப்புப் பத்திரங்களில் இருக்கிறது; ரயிலின் கதை அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் இருக்கிறது. பத்திரத்தைப் பத்திரப்படுத்தலாம், பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கக் காலம் அதிகம் இல்லை.