திருப்பலி இரசமும் அதைக் காத்த வரலாறும்



நெல் விளையும் நம் காவிரி நாட்டில் அப்பத்திற்குக் கோதுமையும் இல்லை, இரசத்திற்குத் திராட்சையும் இல்லை. ஆண்டவர் தம் திருவுடலையும் திருஇரத்தத்தையும் நமக்களிக்கத் தெரிந்துகொண்ட பொருள்கள் இரண்டும் வெளியூரிலிருந்தே வரவேண்டும். கோதுமை மாவு எளிதில் வந்து சேரும். நம் முன்னோர் 'முந்திரிகைப்பழ இரசம்' என்று அழைத்த திராட்சை இரசமோ வழியிலும் கெடும், வந்தபின் வெயிலிலும் கெடும். இரசம் கெட்டால் பூசை இல்லை. வரப்பு வழியே நெடுந்தூரம் நடந்து வந்த மக்கள் நற்கருணையின்றித் திரும்பவேண்டியதுதான்.

இக்கவலை பழமையானது. 1599-ஆம் ஆண்டு கேரளத்தில் கூடிய உதயம்பேரூர் சங்கம், திருப்பலிக்கான இரசத்தை ஆண்டுதோறும் அனுப்பித்தரும்படி போர்த்துக்கல் மன்னரை வேண்டிக்கொண்டது. திராட்சை கிடைக்காத மறைபரப்பு நாடுகளில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து இரசம் வடித்தார்கள். நிறத்தாலும் சுவையாலும் அது உண்மையான இரசமென்று தெரிந்தால் ஏற்கலாம் என உரோமை விடையளித்தது.

பின்னர் நம் மண்ணிலேயே கொடி வேரூன்றியது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் கொண்டுவந்தார் என்பது அங்கு வழங்கும் வரலாறு. அத்திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இரசம் ஏன் கெடுகிறது? 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ், காடியாக மாறிய இரசம் இரசமே அன்று, அதைக்கொண்டு திருப்பலி நிறைவேறாது என்று கற்பித்தார். 1570-ஆம் ஆண்டின் திருப்பலிப் புத்தகமும் குருக்களை அவ்வாறே எச்சரித்தது. காரணத்தைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் பெருகி இரசத்தைக் காடியாக்குகின்றன என்று 1860-களில் அவர் காட்டினார். வெப்பம் அவ்வேலையை விரைவுபடுத்தும். ஈரநெல்லைக் குதிரில் கொட்டினால் என்னாகும் என்றறிந்த நம் விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நெடுந்தொலைவு செல்லும் இரசம் கெடாதிருக்க, திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிதளவு சேர்க்கலாம் என்று திருச்சபை இசைந்தது. மொத்தச் சத்து நூற்றுக்கு 12 பங்கைத் தாண்டலாகாது என்று 1890-இலும், தேவையுள்ள இடங்களில் 17 அல்லது 18 பங்குவரை இருக்கலாம் என்று 1896-இலும் உரோமை வரையறுத்தது. அவ்வாறு வலுவூட்டிய இரசம் நம் வெயிலையும் தாங்கும். வலுவூட்டாத இரசத்தைத் திறந்துவிட்டால் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிடுவதே நல்லது.

ஆகவே கோவில் பிள்ளைகள் மனத்தில் கொள்ளவேண்டியவை சில. புட்டியைக் குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைக்கவேண்டும். பாதி தீர்ந்ததைச் சிறிய புட்டிக்கு மாற்றி, காற்றுக்கு இடமின்றி இறுக மூடவேண்டும். பூசைக்குமுன் முகர்ந்து பார்க்கவேண்டும். காடி வாடை வந்தால் பீடத்திற்குக் கொண்டுபோகலாகாது. கிறிஸ்துமசுக்கெனச் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டுச் சாடியில் ஊறவைக்கும் இரசம் எத்தனை மாதம் கெடாதிருந்தாலும் பீடத்திற்கு ஆகாது. திராட்சைக் கனியினின்று உண்டான, கலப்பற்ற, கெடாத இரசமே வேண்டுமென்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். அரசும் 1984-இல் திருப்பலி இரசத்திற்கெனத் தனி விதிகள் வகுத்துள்ளது. உரிமமின்றி எவரும் தயாரிக்க இயலாது.

மதுவைத் தொடாத இஸ்லாமியப் பெருமக்கள் நிறைந்தது நம் கூத்தாநல்லூர். "கோவிலில் இரசம் எதற்கு?" என்று அவர்கள் அன்போடு கேட்டால் விடை சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அது குடித்து மகிழ்வதற்கன்று. ஆண்டவர் இராவுணவில் கையில் எடுத்த கிண்ணத்தின் நினைவாகச் சிறிதளவே பாத்திரத்தில் வார்க்கப்படுகிறது. குடியால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு கண்ணீர் விடும் நாம், இதன் தூய்மையைக் காப்பது இன்னும் பெரிய கடமையாகிறது.

கடலும் மலையும் கடந்து வந்த இரசத்தைக் கண்ணுங்கருத்துமாய்க் காத்து, நமக்குப் பூசை கிடைக்கச் செய்த பழைய குருக்களையும் உபதேசியார்களையும் கோவில் பிள்ளைகளையும் இந்த யூபிலி ஆண்டில் நன்றியோடு நினைப்போம். அவர்கள் ஆன்மா ஆண்டவரில் இளைப்பாறுவதாக.