ரொட்டிக்குச் சர்க்கரையா, பச்சை மிளகாயா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டில் ஒரு சின்னச் சண்டை. முட்டையில் தோய்த்துச் சுட்ட ரொட்டிதான் காரணம்.

என் பொண்ணு வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் போட்டுக் கேட்டாள். எங்கம்மா பாலும் சர்க்கரையும் கலந்துதான் சுடுவேன் என்று கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆயா, தள்ளுவண்டியில குடுப்பாங்களே, அந்த மாதிரி" என்றாள் பொண்ணு. "அது ரோட்ல திங்கிறது. வீட்ல எதுக்கு அது?" என்று அம்மா சொன்ன தொனி எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. காரசாரமான மீன் குழம்பு வைக்கிற கை அது. இந்த ஒரு பண்டத்தில் மட்டும் காரத்தின் மேல் என்ன கோபம்? நடுவில் என் மனைவி, "எங்க ராயபுரத்துல இதுக்குப் பேரு பாம்பே டோஸ்ட்" என்று மூன்றாவது கட்சி ஆரம்பித்தார்.

சண்டை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை. இனிப்பும் காரமும் எங்கிருந்து பிரிந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

வயதைப் பார்த்தால் அம்மா கட்சிக்குத்தான் வெற்றி. ரோமானியர்களின் சமையல் குறிப்புத் தொகுப்பு ஒன்று அபிசியஸ் என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் இனிப்பு வகைகளின் வரிசையில் ஒரு குறிப்பு வருகிறது: வெள்ளை ரொட்டியின் மேல்தோலைச் சீவிவிட்டு, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாறு. வேடிக்கை என்னவென்றால் அந்தக் குறிப்பின் மூலத்தில் முட்டையே இல்லை.

பிறகு ஐரோப்பா முழுக்க இது பழைய ரொட்டியை மீட்கிற வழியாகப் பரவியது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கே 'இழந்த ரொட்டி' என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், போர்ச்சுகலில் கிறிஸ்துமஸுக்கும் இதை இனிப்பாகச் செய்கிறார்கள். காய்ந்த ரொட்டிக்கு ஒரு அனுகூலம் உண்டு. புது ரொட்டி பாலில் போட்டதும் கூழாகிவிடும். பழசு நன்றாக உறிஞ்சிக்கொண்டும் உருக்குலையாமல் நிற்கும்.

காரக் கட்சியும் அனாதை இல்லை. இங்கிலாந்தில் உப்பு, மிளகுத்தூள் போட்டுத் தக்காளி சாஸோடு சாப்பிடுவது சாதாரணம். அமெரிக்காவில் அதன் மேல் மேப்பிள் பாகு ஊற்றுவார்கள். சிங்கப்பூரில் ரொட்டி ஜான் என்று ஒன்று உண்டு: நீளமான ரொட்டியைப் பிளந்து, முட்டை, வெங்காயம், கொத்துக்கறி கலவையில் அமுக்கிச் சுட்டு, சாஸ் ஊற்றித் தருவார்கள். அதுவும் துறைமுக ஊர்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

அரிசி தின்கிற ஊரில் ரொட்டி வெள்ளைக்காரன் கூட வந்த சரக்கு. வடசென்னைக்கு அது துறைமுகம் வழியாகவும் ரயில் வழியாகவும் பழக்கமானது. ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856இல். பெரம்பூர் ரயில்வே பட்டறையும் அதே காலத்தில் வந்தது. அவற்றைச் சுற்றி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் குடியேறின. ரொட்டி அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. 1878இல் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, மெட்ராஸ்வாழ் ஆங்கிலேயர்களுக்காகவே ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அதில் வருகிற சமையல்காரருக்குப் பெயர் 'ராமசாமி'. துரை வீட்டு ரொட்டியையும் முட்டையையும் பக்குவம் பார்த்தது நம்ம ராமசாமிகள்தான்.

ஆனால் நம்ம வீடுகளில் ரொட்டி எதுவாக நுழைந்தது? மருந்தாக. காய்ச்சல் என்றால் ரொட்டியும் பாலும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் கையில் ஒரு ரொட்டி பாக்கெட். நல்லா இருக்கிறவன் ரொட்டி தின்றால், "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி பெட்டிக்கடை வரைக்கும் வந்தது. (2000இல் தனியாருக்கு விற்கப்பட்ட முதல் பெரிய அரசு நிறுவனங்களில் அதுவும் ஒன்று.) கடைக்கு வந்த பிறகும் 'நோயாளி சாப்பாடு' என்கிற முத்திரை சீக்கிரம் போகவில்லை.

முட்டையும் அப்போது தினப்படிப் பண்டம் இல்லை. நாமக்கல் பண்ணைகள் பெருகிய பிறகுதான் மலிவானது. சத்துணவில் முட்டை சேர்ந்தது 1989இல், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரம் ஐந்தானது 2010இல். ஆக, ஒரு காலத்தில் ரொட்டி, பால், முட்டை, சர்க்கரை நான்கும் ஒரே தட்டில் சேர்ந்தால் அது 'உடம்பு தேறுவதற்கு'. இனிப்பு முட்டை ரொட்டி எங்க வீடுகளில் இந்த வழியாகத்தான் வந்தது. பிரியாணிப் பந்தியில் வைக்கிற பிரெட் அல்வாவும் ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவும் விருந்து வழியில் வந்த உறவுக்காரர்கள். அது வேறு கிளை.

காரம் வந்த வழி வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு தள்ளுவண்டி பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். நான் நின்றேன். வண்டியில் இருப்பது ஒரே ஒரு கல். ஆம்லெட், ஆஃப்பாயில், கலக்கி எல்லாம் அதில்தான். தீ எப்போதும் முழு வேகம், ஏனென்றால் எதிரில் நாலு பேர் நிற்கிறார்கள். அந்தக் கல்லில் சர்க்கரை விழுந்தால் என்ன ஆகும்? முட்டை வேகும் முன்பே கருகும், கல்லில் பிடிக்கும், அடுத்த ஆம்லெட் ஒட்டிக்கொள்ளும். சுரண்டிக்கொண்டு நிற்க அவருக்கு நேரம் இல்லை. பாலும் வண்டியில் வைத்தால் இரவுக்குள் திரிந்துவிடும். வெங்காயம், மிளகாய், உப்பு, மிளகுத்தூள் நாலும் ஏற்கனவே ஆம்லெட்டுக்காக நறுக்கித் தயாராக இருக்கிறது. ஊற்றிய முட்டை மேல் ரெண்டு துண்டு ரொட்டியை வைத்துத் திருப்பி மடித்தால் முடிந்தது. சிறுதீயில் பொறுமையாக நிற்க முடிகிற வீட்டு அடுப்பில்தான் இனிப்பு சாத்தியம். தெருவில் காரம் ஜெயித்ததற்கு நாக்கைவிட அந்தக் கல்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த நாலு பேர் யார்? மாத்தூரில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. பக்கத்து மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. உர ஆலை 1971இல். அவற்றைச் சுற்றி சின்னதும் பெரிசுமாகக் கம்பெனிகள், டேங்கர் லாரிகள், கான்ட்ராக்டர்கள், மூன்று ஷிஃப்ட். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் கேன்டீன் பற்றிய விதி 250 பேருக்கு மேல் வேலை செய்த ஆலைகளுக்குத்தான் இருந்தது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் அது 100 பேராக இருந்தது. அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருக்கிறவனுக்கும் ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்கும். கம்பெனி கேட் எதிரே எரிகிற அந்த ஒற்றை விளக்கு அவனுக்காகத்தான்.

எங்கப்பா அவர்களில் ஒருவர். மேலே சொன்ன இரண்டு ஆலைகளிலும் இல்லை, அந்தப் பக்கத்தில் வேறொரு கம்பெனியில், ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம். பெயர் வேண்டாம். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு உள்ளே சாப்பாடு உண்டு. அப்பா மாதிரி ஆட்களுக்குக் கிடையாது.

இதையெல்லாம் குறிப்பெடுத்து முடித்துவிட்டு அம்மாவிடம் போய், கல், தீ, சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் கட்டிக் குடுக்குற சோறு ஒரு ஷிஃப்டுக்குத்தான் கண்ணு. அடுத்த ஷிஃப்டுக்கும் நில்லுன்னு திடீர்னு சொல்லிடுவாங்க. அப்ப அந்த வண்டிதான். பதினேழு வருஷம். சோறு ஆக்கிப் போட ஆள் இல்லாத மாதிரி ரோட்ல நின்னு தின்னாரு உங்கப்பா."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "அதான் வீட்டுக்கு வந்தா பாலு, சக்கரை போட்டு சுட்டுக் குடுப்பேன். ரெண்டு ஷிஃப்டு பாத்துட்டு வர்ற மனுஷன் நோயாளி மாதிரிதானே?"

சின்ன வயதில் அந்தத் தட்டிலிருந்து எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். விசேஷம் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

இந்த ஞாயிறு இரண்டும் செய்தோம். காரம் முதலில், இனிப்பு கடைசியில். மாற்றிச் சுட்டால் கல் ஒட்டும். பொண்ணு காரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு ஆயா தட்டிலும் கை வைத்தாள். அம்மா காரத்தைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.