கண்ணாடிக் கிணறும் காணும் எந்திரமும்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் உள்ள கிணறு ஒன்று கண்ணாடிக் கிணறு என வழங்கப்பெறுகிறது. பெரியாழ்வார் இறைவனுக்குத் தொடுத்த மாலையை ஆண்டாள் தானே சூடி, இக்கிணற்று நீரில் அழகு பார்த்தாள் என்பது தலமரபு. திருப்பாவையின் 20ஆம் பாசுரத்தில் வரும் 'தட்டொளி' என்னும் சொல்லுக்குக் கண்ணாடி என்றே உரைகாரர் பொருள் கொள்வர். கையில் ஏந்தும் ஆடியைப் பாடியவளுக்குத் தலமரபு கிணற்றைத் தேர்ந்தளித்தது கருதத்தக்கது. விளிம்பில் ஒருவர் குனிந்து நிற்கும்வரை அந்நீரில் அவர் உருவம் இல்லை. நீர் கலங்கினாலோ உருவம் சிதையும். அசையாமையே அக்காட்சிக்கு நிபந்தனை.

பார்ப்பவர் உடலின்றி நிறைவுறாத படைப்பை இன்று ஊடாட்டக் கலை என்பர். அமெரிக்கரான மைரன் குரூகர் 1970களில் உருவாக்கத் தொடங்கிய 'வீடியோபிளேஸ்' பார்வையாளரின் நிழலுருவையே திரையில் படிமமாக்கியது. 1986இல் வெனிஸ் பியன்னாலேயில் காட்டப்பெற்ற, கனடியக் கலைஞர் டேவிட் ரோக்பியின் 'வெரி நெர்வஸ் சிஸ்டம்' இதனினும் ஆழமானது. கேமரா தரும் படிமங்களைக் கணினி அடுத்தடுத்து ஒப்பிட்டு, அவற்றிடையே காணும் மாற்றத்தை ஒலியாக்கும். கை அசைந்தால் இசை எழும். அசையாது நிற்பவர் அதன் கணக்கில் இல்லாதவரே. ரோக்பி 1995இல் வெளிவந்த கட்டுரையில் ஊடாட்டப் படைப்பை உருமாற்றும் கண்ணாடியாகக் கண்டார். உவமை பொருத்தமானதே; ஆயினும் கிணற்றின் நிபந்தனை இங்குத் தலைகீழாகிவிட்டது.

இவ்வகைப் பார்வை கலைக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. திருவில்லிபுத்தூரை அடுத்த ராஜபாளையம், 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் நூற்பாலைகளால் பெயர்பெற்ற ஊர். நூலின் சீர்மையை அறிய அதனைக் கரும்பலகையில் சுற்றிக் கண்ணால் நோக்குவது நூற்புத் தொழிலின் பழைய முறை. அதில் நல்ல நூலும் குறையுள்ள நூலும் ஒருங்கே கண்ணுக்குப் படும். கோன்வைண்டிங் எந்திரத்தில் பொருத்தப்படும் மின்னணு 'யார்ன் கிளியரர்' நூலின் தடிப்பு வரம்பு மீறி மாறும் இடத்தை மட்டும் குறையெனப் பிரித்து, அங்கே வெட்டும். சீரான நூல் எச்சரிக்கை எதனையும் எழுப்பாமல் ஓடிவிடுகிறது. ரோக்பியின் கேமராவும் ஆலையின் உணரியும் மாறுபாட்டை மட்டுமே செய்தியாகக் கொள்கின்றன. இதனைக் குறைபாடு என்பதினும் தெரிவு என்பதே சரி; எதைக் காண வேண்டும் என்பது முன்னரே மனிதரால் முடிவு செய்யப்பட்டது.

அத்தெரிவையே ரோக்பி 1995இல் 'வாட்ச்' என்னும் படைப்பில் வெளிப்படுத்தினார். தெருவின் நேரடிக் காட்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் அசைவன மட்டும் தெரிந்தன; மற்றொன்றில் விரைந்து செல்வோர் கரைந்து மறைய, நின்றவர்களே தெளிவுற்றனர்.